விடிவெள்ளியின் சட்டைகள்

மரக்காணத்து அளங்களில் உப்பு வாருகிற பெண்கள் புடவைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். மேலே வெயில், கீழே பாத்தியிலிருந்து எகிறி அடிக்கிற வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில் குனிந்து நிற்கிற உடம்புக்கு அந்தச் சட்டைதான் கூரை. புருஷன் கழித்துப் போட்டது, தம்பி கழித்துப் போட்டது, எதுவானாலும் சரி. வடக்களத்தில் மட்டும் அது பந்தாட்டச் சட்டையாக இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்கள் பார்த்திருக்கலாம். வெள்ளை வெளேரென்று கிடக்கிற அளத்தில் குனிந்து நிமிர்கிற முதுகுகளில் நான்கு, ஒன்பது, பதினொன்று என்று கறுப்பு எண்கள்.

அது விடிவெள்ளி கால்பந்துக் கழகத்தின் ஏற்பாடு. வடக்களம் என்பது சில தெருக்கள், ஓர் அம்மன் கோயில், ஒரு மாதா கெபி, மழைக்காலத்தில் குளமாகிவிடுகிற ஒரு மைதானம். மழை மாதங்களில் அளத்தில் வேலை இருக்காது. வேலையில்லாத கால்கள் பந்தைத் தேடிப் போனதில் பிறந்த கழகம் அது. மாசி மகத்தை ஒட்டி அவர்கள் நடத்துகிற போட்டிக்குக் கிளியனூரிலிருந்தும் கோட்டக்குப்பத்திலிருந்தும் அணிகள் வரும். சில வருஷங்களுக்கு ஒரு முறை புதுச் சட்டை எடுப்பார்கள். புதுசை மாசி மகத்தன்று இறுதி ஆட்டத்தில் போட்டு இறங்கினால், பழசு அன்று சாயங்காலமே அளத்து வேலைக்காரர்களுக்குப் போய்விடும். வெயில் காலம் தொடங்குகிற மாதம் அல்லவா. பெட்டியில் மடித்து வைக்கிற பேச்சே கிடையாது. மற்ற கழகங்களின் சரித்திரம் கண்ணாடி அலமாரியில் இருக்கும். விடிவெள்ளியின் சரித்திரம் தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடந்துகொண்டிருந்தது.

சவரியம்மாள் பந்தை ஒருநாளும் உதைத்தவள் அல்ல. ஆனாலும் அவள் முதுகில் ஒன்பது இருந்ததால் ஊரில் அவளுக்குப் பேர் 'சென்டர் பார்வர்டு'. பையன்கள் அளத்து வழியாகப் போகும்போது, “இன்னா சென்டர் பார்வர்டு, இன்னிக்கு எத்தினி கோலு?” என்று கேட்பார்கள். அவளும் விடமாட்டாள். “உன்ன மாதிரி வெளிய அடிக்கலடா, எல்லாம் கூடைக்குள்ளதான் போட்டேன்” என்பாள்.

அம்சவல்லியின் முதுகில் ஏழு.

கழகத்துச் சட்டைகளைத் துவைப்பது அவள் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. தட்சணாமூர்த்தியைக் கட்டிக்கொண்டு வடக்களத்துக்கு வந்த புதிதில், பின்னால் நின்று தடுத்தாடுகிற புருஷனின் சட்டையை மட்டும் துவைத்துக் கொடியில் போட்டாள். மறுநாள் ஆட்டத்துக்குப் போய்ப் பார்த்தால், மற்ற பத்துப் பேரும் நாறுகிற சட்டையோடு நிற்க இவள் புருஷன் மட்டும் பளிச்சென்று நின்றான். அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. “எல்லாத்தையும் எங்க வூட்டுக்கே கொண்டாந்து போடுங்க” என்று சொன்னாள். அன்று சொன்னதுதான். இன்று அவள் மகன் கௌதமன் அணிக்குக் கேப்டன். இன்னமும் பதினோரு சட்டையும் அவள் வீட்டுக் கொடியில்தான் காய்கின்றன.

புதுச் சட்டையை முதலில் அளத்துத் தண்ணீரில் முக்கி எடுக்கிற வழக்கம் அவளுக்கும் முந்தியது. கழகம் தொடங்கிய வருஷம், வெள்ளை பனியன்களை வாங்கி அம்மனுக்கு உகந்த மஞ்சளில் தோய்த்துப் போட்டுக்கொண்டு இறங்கினார்களாம். முதல் ஆட்டத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. மஞ்சள் ஓடிக் கால்சட்டை மஞ்சள், பந்து மஞ்சள், கடைசியில் எதிரணிக்காரர்களும் மஞ்சள். யார் யாருக்குப் பந்து போடுவது என்று தெரியாமல் ஆடி முடித்தார்கள். அடுத்த முறை மாதா கெபித் திருவிழாவுக்கு வாங்கி மீந்த நீலத் துணியை, கெபியைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை கொடுத்தார். அதைச் சட்டையாகத் தைத்ததும், சாயம் ஓடாமல் இருக்க, வெயிலில் சுண்டி முற்றின உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தார்கள். நீலம் நின்றது. அதிலிருந்து எந்தச் சட்டை வந்தாலும் அம்மன் காலடியிலும் மாதா காலடியிலும் வைத்துவிட்டு, அளத்தில் முக்கிய பிறகுதான் போடுவது.

நீலத்துக்குப் பிறகு சிவப்பு. சிவப்புக்குப் பிறகு, சுனாமி வந்த வருஷம் நிவாரணத் துணிமூட்டையில் ஒரே மாதிரிக் கிடைத்த பச்சை. இந்த மூன்று செட்டுக்கும் எண் தைத்துக் கொடுத்தவள் கோட்டக்குப்பத்துக் கமருன்னிசா. அவள் மகன் சாதிக், மரக்காணம் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த சித்தப்பா வீட்டில் தங்கியிருந்த நாளில் விடிவெள்ளிக்காக ஆடினான். ஓரத்தில் ஓடினால் பிடிக்க ஆள் இல்லை. அவன் எண் ஏழு. கமருன்னிசா வீட்டில் புர்கா தைக்கிறவள். வெட்டி மீந்த கறுப்புத் துண்டுகளில் எண் வெட்டி, ஓரம் மடித்து, மூலைக்கு மூலை பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல் போட்டுத் தருவாள். கூலி கேட்டதில்லை.

அம்சவல்லி அவளை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். பச்சைச் சட்டைகளை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போன அன்று, சோறு தின்னாமல் கிளம்பக் கூடாது என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள் அந்த அம்மாள். இந்தச் சட்டையெல்லாம் பிற்பாடு என்ன ஆகும் என்று சும்மா கேட்டாள். அளத்தில் பொம்பளைகள் போட்டுக்கொள்வோம் என்றாள் இவள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. “வெயில்லயும் உப்புலயுமா? அப்படின்னா இன்னொரு ஓட்டு ஓட்டிடறேம்மா” என்று சொல்லி, முடித்து வைத்திருந்த சட்டைகளையும் திரும்ப எடுத்து இரட்டைத் தையலாகப் போட்டாள்.

அதற்குப் பின் வந்தவை எல்லாம் பாலியெஸ்டர். செல்போன் கடைக்காரர் ஒருவர் தன் கடைப் பேரைப் போட்டு வாங்கித் தந்த மரூன் சட்டை கடைசியாக வந்தது. அச்சடித்த எண் சீக்கிரம் உதிரும். வியர்வையை உறிஞ்சாது. அதற்கு முந்தி கழிந்து வந்த பாலியெஸ்டரை அளத்துப் பெண்கள் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, பழைய பருத்திச் சட்டைகளையே ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு உடுத்திக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாசி மகத்துக்கு வந்த செட்டை அனுப்பியவன் சாதிக். ஷார்ஜாவில் வேலை. தாய் போன வருஷம் தவறிவிட்டாள். அடக்கத்துக்கு அவனால் வந்து சேர முடியவில்லை. டிக்கெட் கிடைத்து வந்து இறங்கியபோது மண் காய்ந்திருந்தது. நோன்புக்கு லீவில் வருகிறேன், அம்மா பேரில் சட்டை அடித்து அனுப்புகிறேன், அந்தப் பேர் ஒரு தடவை மைதானத்தில் ஓடுவதை நான் பார்க்க வேண்டும் என்று கழகத் தலைவர் பக்தவச்சலத்திடம் போனில் சொல்லியிருந்தான். கருநீலச் சட்டை. நெஞ்சில் தங்க எழுத்தில் கமருன்னிசா. முதுகில் தங்க எண். பார்சலைப் பிரித்தபோது பையன்கள் தொடவே பயந்தார்கள்.

அம்சவல்லி பயப்படவில்லை. மாசி மகத்துக்கு முந்தின நாள், அம்மனிடமும் மாதாவிடமும் வைத்து எடுத்துக்கொண்டு, தண்ணீர் நன்றாக முற்றியிருந்த கடைசிப் பாத்திக்குப் போனாள். ஒவ்வொன்றாக முக்கி வரப்பில் பரப்பினாள். சாயங்காலம் நல்ல தண்ணீரில் அலசிவிடுவதுதான் முறை. அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆழ்குழாய்த் தண்ணீரோ அதுவே உப்பு. காலையில் அலசிக்கொள்ளலாம் என்று ஈரத்தோடு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அளத்துக் கொட்டகையில் மூடி வைத்துவிட்டு வந்தாள். பருத்தியாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள். சட்டைகள் அப்பளம்போல விறைத்திருந்தன. மேலே இருந்ததை எடுத்து உதறினாள். மீன் செதில்போல ஏதோ பறந்து அவள் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தாள். தங்கக் 'க'.

எழுத்துகளுக்கு அடியில் உப்புப் பூத்திருந்தது. ராத்திரி முழுக்க மெல்ல மெல்லப் பூத்து, ஒட்டியிருந்ததை எல்லாம் நெம்பித் தூக்கிவிட்டிருந்தது. ஒரு சட்டையில் 'ருன்' மட்டும் இருந்தது. இன்னொன்றில் 'சா' மட்டும். அடியில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது ஒன்றின் பேர் மற்றதன் முதுகில் கோணலாகப் பதிந்து வந்தது.

அம்சவல்லி கத்தவில்லை. இறந்துபோனவளின் பேர் காலில் மிதிபடக் கூடாது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மண்டி போட்டு உட்கார்ந்து, கொட்டகைத் தரையிலும் வரப்பிலும் உதிர்ந்து கிடந்த எழுத்துகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி மடியில் கட்டினாள்.

சவரியம்மாள் வந்தபோது அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சங்கதியைக் கேட்ட சவரியம்மாள் ஊருக்குள் ஓடினாள். தட்சணாமூர்த்தியையும் கௌதமனையும் பக்தவச்சலத்தையும் கூட்டி வந்தாள்.

கௌதமன் எழுத்து மிச்சத்தைச் சுரண்டிவிட்டு வெறும் சட்டையாகப் போட்டுக்கொள்ளலாம் என்றான். சுரண்டிப் பார்த்தான். மெல்லிய துணி, பசையோடு சேர்ந்து வந்து நெஞ்சில் ஓட்டை விழுந்தது. இரண்டாவதிலும் அப்படியே. அதற்குமேல் அவனுக்குக் கை வரவில்லை. அரையிறுதிவரை போட்டு ஆடிய மரூன் சட்டையை வைத்தும் ஒன்றும் செய்ய முடியாது. இறுதி ஆட்டத்துக்கு வருகிற பெரிய முதலியார்சாவடிப் பையன்களும் மரூன்தான். மாற்று செட் அவர்களிடமும் கிடையாது. கோல்கீப்பரைத் தவிர மற்ற பத்துப் பேருக்கும் ஒரே நிறம், முதுகில் எண், எதிரணியின் நிறம் கூடாது. இது இல்லாமல் நடுவர் இறக்கமாட்டார்.

தட்சணாமூர்த்தி மனைவியைத் திட்டவில்லை. அவன் யோசித்தது வேறு. பார்சல் வரவில்லை என்று சாதிக்கிடம் சொல்லிவிடலாம், மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். பக்தவச்சலத்துக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது.

“வந்து சேந்துச்சுன்னு நீங்கதான போன்ல சொன்னீங்க” என்றாள் அம்சவல்லி.

“அது நான் பாத்துக்கறேன். அவன் மனசு நோகக் கூடாதுன்னுதான சொல்றோம், அம்சா” என்றான் தட்சணாமூர்த்தி.

“அவுரு அம்மாவ மண்ணுல வெக்கறப்பவே பாக்க முடியாம பூட்டாரு. இப்ப அந்தப் பேரையும் நான் அழிச்சிட்டேன். அதுல பொய்யி வேறயா? நானே சொல்லிக்கறேன். நீங்க யாரும் குறுக்க வராதீங்க.”

அவள் கொட்டகைத் தூணில் மாட்டியிருந்த அம்மன் படத்தின் முன் போய் நின்றாள். தன்னைக் காப்பாற்றச் சொல்லி அவள் கேட்கவில்லை. திட்டு விழுந்தால் தன்மேல் விழட்டும், அந்தப் பிள்ளையின் மனசு மட்டும் ஒடியாமல் இருக்கட்டும் என்று கேட்டாள். இப்படிப்பட்ட வேண்டுதல் கடவுளிடம் போகிற வழியில் பக்கத்தில் நிற்கிறவர்களின் காதிலும் விழுந்துவிடும் போலிருக்கிறது. சவரியம்மாள் தான் போட்டிருந்த சட்டையின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள்.

“இந்தா, சென்டர் பார்வர்டு சட்ட. எட்த்துக்கோ.”

பக்தவச்சலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உன்னுது நீலம். அதோ நிக்கற பொன்னியோடது சிவப்பு. அம்சாவோடது பச்ச. எல்லாத்தையும் சேத்துப் போட்டா சர்க்கஸ் கம்பெனின்னு நெனப்பாரு ரெப்ரி.”

“எங்கய்யா நீலம்? கண்ணத் தொறந்து பாரு” என்றாள் சவரியம்மாள்.

அவள் சட்டையைக் கொட்டகைக் கயிற்றில் மாட்டினாள். அம்சவல்லி தன்னுடையதைக் கழற்றிப் பக்கத்தில் மாட்டினாள். காலை வேலைக்கு வந்திருந்த பொன்னி தன்னுடையதைக் கொடுத்தாள். எல்லோரும் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார்கள்.

மூன்றும் ஒரே நிறம்.

மாதாவின் நீலமும் கடைத்தெருச் சிவப்பும் நிவாரணப் பச்சையும் வருஷக்கணக்காக ஒரே வெயிலில் நின்று, ஒரே உப்பில் நனைந்து, கடைசியில் அம்பாரமாய்க் குவிந்த உப்பின் நிறத்துக்கே வந்து சேர்ந்திருந்தன. காலரைத் தூக்கி மடிப்புக்குள் பார்த்தால்தான் நீலம் நீலம் என்றும் சிவப்பு சிவப்பு என்றும் சொல்லிற்று. எண்கள் மட்டும் வெளுக்கவில்லை. புர்காத் துணியின் கறுப்பு அப்படியே நின்றது. ஒரு முனைகூடப் பிரியவில்லை.

கௌதமன் ஓடினான். கொஞ்ச நேரத்தில் அளத்திலிருந்தும் வீடுகளிலிருந்தும் சட்டைகள் வந்து குவிந்தன. ஒன்பது என்று மூன்று சட்டை இருந்தது. ஆறு என்று ஒன்றுமே இல்லை. அணியில் ஆடுகிற அரவிந்தன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கொசுப் புகைக்கு விசிறுகிற துணியாக ஒரு ஆறு இருப்பது நினைவுக்கு வந்து எடுத்து வந்தார்கள். தட்சணாமூர்த்தி தன்னுடைய பழைய மூன்றைத் தேடினான். அதுவும் அளத்தில் உழைத்து ஓய்ந்த பிறகு அவன் வீட்டிலேயே தலையணை உறையாக இருந்தது. கோல்கீப்பருக்கு வேறு நிறம்தான் வேண்டும். பாழான கருநீலத்தில் ஒன்றைப் புரட்டிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

எல்லாச் சட்டையும் உப்பேறி, வியர்வையேறிக் கிடந்தன. குழாயில் அன்றும் தண்ணீர் இல்லை. அம்சவல்லி எதைக்கொண்டு அலசுவது என்று நின்றபோது, பொன்னி தன் வீட்டுக் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து அண்டாவில் ஊற்றினாள். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி ஊற்றினாள். பண்டிகை நாளில் வீட்டில் விருந்தாளிகளை வைத்துக்கொண்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரைத் தெருவே கொண்டுவந்து கொட்டியது. “ஒரு நாளு டீ குடிக்கலன்னா இன்னா ஆயிடும்” என்றாள் ஒருத்தி.

மத்தியானம் சுவாமிகள் கடலாடித் திரும்பிய பிறகு மைதானத்தில் கூட்டம் சேர்ந்தது. நடுவர் திண்டிவனத்துப் பக்கம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையாக நின்ற பையன்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஒருவனின் காலரைத் தூக்கிப் பார்த்தார். நீலம். அடுத்தவனுடையது சிவப்பு.

“ஏம்பா, இது மூணு கலரு இல்ல?”

“ஐயா, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க” என்றான் கௌதமன்.

அவர் மையக்கோடு வரைக்கும் நடந்து போனார். திரும்பி நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு விசிலை வாயில் வைத்துக்கொண்டு, வந்து நில்லுங்கள் என்று கையை ஆட்டினார்.

சாதிக்கின் கார் அப்போதுதான் வந்தது. நரை விழுந்த தாடியோடு, மெலிந்து, கையில் நோன்புக் கஞ்சித் தூக்கோடு இறங்கினான். பக்தவச்சலம் வரவேற்கப் போனார். அம்சவல்லி அவரை முந்திக்கொண்டாள். கையில் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா.

“தம்பி, என்ன நெனவு இருக்குதா?”

“அம்சாக்கா. உங்கள மறப்பனா? சட்ட தோச்சிக் குடுத்த கையாச்சே.” அவன் சிரித்தான். கண் மைதானத்தின் பக்கம் போயிற்று. சிரிப்பு நின்றது. “பசங்க ஏன் அந்தச் சட்டய…”

“நான் கெட்த்துட்டேன், தம்பி.”

அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அளத்தில் முக்கியதையும் மூடி வைத்ததையும், குழாயைக்கூடக் குறை சொல்லாமல், சொன்னாள். டப்பாவைத் திறந்து நீட்டினாள். “கீழ வுழுந்தது ஒண்ணக்கூட மிதிக்க வுடல. எல்லாத்தையும் பொறுக்கிட்டேன். அம்மா பேர நான் வேணும்னு செய்வனா? இன்னா வேணா திட்டிக்கோப்பா.”

சாதிக் டப்பாவுக்குள் பார்த்தான். தங்க எழுத்துகள் உடைந்தும் சுருண்டும் கிடந்தன. தூக்கைக் கீழே வைத்துவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டான். பக்கத்தில் வந்து நின்ற தட்சணாமூர்த்தி எதையோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று நிறுத்திக்கொண்டான். மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது.

பந்து ஓரக்கோட்டுக்கு வந்தது. கௌதமன் அதைத் துரத்திக்கொண்டு அவர்களுக்கு எதிரே ஓடினான். எட்டிப் பிடித்து, திரும்பி, முதுகைக் காட்டி நின்று பந்தை உள்ளே அடித்தான். முதுகில் கறுப்பு ஏழு. அதன் மூலைகளில் குறுக்குத் தையல்.

சாதிக் ஒரு அடி முன்னால் போனான்.

“அக்கா, அந்த ஏழு…”

“உங்கம்மா தச்சதுதான். அளத்துல நான் போட்டுக்கினு இருக்கறது.”

“அந்த நாலு?”

“அதுவும்தான். இன்னிக்கு முதுவுல நம்பரோட நிக்கற பத்தும் உங்கம்மா தச்சது. அதுக்கப்புறம் வந்த நம்பரெல்லாம் உதிந்துபோச்சு. இது உதிரல.” அவள் புடவை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அளத்துல பொம்பளைங்க போடுவோம்னு சொன்னதும் முடிச்சி வெச்சதையும் எட்த்து ரெண்டாந்தரம் ஓட்டுனாங்க. எனக்குச் சோறு போட்டுட்டு, அவுங்க ஒக்காந்து தச்சிக்கினே இருந்தாங்க.”

சாதிக் கோட்டருகே மணலில் உட்கார்ந்துவிட்டான். நோன்பு வைத்த வாய் வறண்டிருந்தது. ஆட்டம் முடிகிறவரை அவன் கண் பந்தின் மேல் இல்லை. முதுகுகளின் மேலேயே இருந்தது. மூன்று ஓடியது, பதினொன்று விழுந்து எழுந்தது, ஒன்பது தலையால் முட்டியது. ஒருவனுடைய தோளில் ஒட்டுத் துணி பிரிந்து கொடிபோலப் பறந்தது. எண் பிரியவில்லை.

விடிவெள்ளி தோற்றது. கடைசி நேரத்தில் முதலியார்சாவடிப் பையன் ஒருவன் தூரத்திலிருந்து அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. கோப்பையை வாங்கிய கையோடு அந்தப் பையன்கள் வந்து, இந்தச் சட்டையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். எந்த நாட்டு அணிச் சட்டை என்று ஒருவன் விசாரித்தான். “வடக்களத்து நாடு” என்றாள் சவரியம்மாள்.

கௌதமன் சட்டையைக் கழற்றித் தாயிடம் கொடுத்தான். யாரோ பிடித்து இழுத்ததில் ஏழின் கீழ்முனை ஒன்று விட்டிருந்தது. அம்சவல்லி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, சட்டையை மடித்துச் சாதிக்கிடம் நீட்டினாள்.

“நீ எட்த்துக்கினு போ, தம்பி. இது உன் நம்பரு. உங்கம்மா கை பட்டது.”

சாதிக் வாங்கிக்கொண்டான். முகத்துக்குக் கொண்டுபோவான் என்று அவள் நினைத்தாள். அவன் விட்டிருந்த முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, ஊசி நூல் இருக்குதா?”

சட்டைகளைக் கொண்டுவருகிற பையில் பொத்தான் தைக்க அவள் எப்போதும் வைத்திருப்பாள். வெள்ளை நூல்தான் இருந்தது, கறுப்பு இல்லை. பரவாயில்லை என்று வாங்கிக் கோத்தான். நோன்பு திறக்கிற பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. மேற்கே அளத்துக்கு அப்பால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பாத்தித் தண்ணீரெல்லாம் சிவந்து கிடந்தது. மணலில் சம்மணமிட்டு, சட்டையை மடியில் விரித்து, ஓரத்தை மடித்து, அவன் தைத்தான். மிஷினுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை, கை மறக்கவில்லை. ஒரு முறை ஓட்டி முடித்தான். நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து இன்னொரு ஓட்டு ஓட்டினான். முனையில் குறுக்குத் தையல் போட்டு, நூலைப் பல்லால் கடிக்கப் போய், நோன்பு நினைவுக்கு வந்து, அம்சவல்லியிடம் நீட்டினான். அவள் அறுத்தாள்.

“நாளைக்கு வேல உண்டாக்கா?”

“வெயிலு வந்தா வேலதான், தம்பி.”

“அப்ப இது உங்ககிட்டயே இருக்கட்டும். அளத்துல போடறதுக்குன்னு தெரிஞ்சிதான அம்மா ரெண்டாந்தரம் ஓட்டியிருக்குது. நான் கொண்டும்போய்ப் பொட்டியில வெச்சா அதுக்குப் புடிக்காது.” அவன் டப்பாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். “இது எனக்குப் போதும்.”

அம்சவல்லி சட்டையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

மரக்காணத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு காற்றில் மெல்லக் கேட்டது. தெருவில் மிஞ்சியிருந்த குடிதண்ணீரைச் சவரியம்மாள் ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். சாதிக் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு அந்தத் தண்ணீரைக் குடித்தான். பிறகு தூக்கைத் திறந்து, தோற்ற பையன்களையும் ஜெயித்த பையன்களையும் கூப்பிட்டு, இருந்த கஞ்சியை டீ தம்ளர்களில் பங்கு வைத்தார்கள். ஆளுக்கு இரண்டு வாய்தான் வந்தது. இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

காலையில் சென்னைக்குத் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாதிக் கிளம்பினான்.

மறுநாள் வழக்கம்போல விடியலிலேயே அளத்தில் வேலை தொடங்கிவிட்டது. சட்டைகளெல்லாம் அவரவர் முதுகுக்குத் திரும்பியிருந்தன. ஓட்டை விழுந்த கருநீலச் சட்டைகளும் கொட்டகைக் கயிற்றில் தொங்கின. ஒட்டுப் போட்டால் அவையும் உழைக்கும், அவையும் ஒருநாள் இந்த நிறத்துக்கு வந்து சேரும் என்று அம்சவல்லி நினைத்துக்கொண்டாள். பலகையால் உப்பை வாரி வரப்போரம் கூட்டிக்கொண்டிருந்தாள். வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கிய நேரம், சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்த கார் ஒன்று வேகம் குறைந்து ஓரமாக நின்றது. யாரும் இறங்கவில்லை. அத்தனை தூரத்தில் உள்ளே இருப்பது யார் என்று தெரியவில்லை.

அவளுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். முதுகைச் சாலைப் பக்கமாகத் திருப்பி, அந்தக் கார் கிளம்புகிற சத்தம் கேட்கிற வரைக்கும் அசையாமல் நின்றாள்.